நீர் தீர்ந்த பிறகும் எரிந்த தீ: கிருஷ்ணகிரியில் ஒரு மாதிரி நீராவி எஞ்சின்

பின்னணி

கிருஷ்ணகிரி நகருக்குள் இன்று ரயில் வருவதில்லை. ஆனால் 1905, 1906 ஆம் ஆண்டுகளில் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கும் 762 மில்லிமீட்டர் அகலமுள்ள குறுகிய பாதைகள் போடப்பட்டுச் சிறு நீராவி எஞ்சின்கள் ஓடின. 1940களின் தொடக்கத்துக்குள் அவை மூடப்பட்டுவிட்டன. அந்தப் பாதைகளைப் பற்றிய தகவல்களைச் சேகரித்து வந்த ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவருக்கு, வெளிநாட்டில் இருக்கும் உறவினர் பழைய மாதிரி எஞ்சின் ஒன்றை அனுப்பிவைத்தார். இந்த ஆய்வு அந்த எஞ்சினைப் பற்றியது.

உண்மையான நீராவியில் ஓடும் சிறு எஞ்சின் அது. பித்தளைக் குழாயின் இரு முனைகளையும் மூடி சால்டர் (குறைந்த வெப்பத்தில் உருகும் ஒட்டு உலோகம்) வைத்து ஒட்டிய கொதிகலன், அதன் அடியில் திட எரிபொருள் வில்லைகள் எரியும் தட்டு, நீராவியின் தள்ளலால் முன்னும் பின்னும் ஊசலாடும் இரண்டு சிலிண்டர்கள், நீர் ஊற்றும் வாயில் திருகப்படும் பாதுகாப்பு வால்வு ஆகியவையே அதன் உறுப்புகள். கொதிகலனில் ஏறக்குறைய 100 மில்லி நீர் பிடிக்கும். வேலை செய்யும் அழுத்தம் ஒரு பார் அளவே, அதாவது வெளியே உள்ள வளியழுத்தத்துக்கு மேல் ஏறக்குறைய இன்னொரு மடங்கு. அழுத்தமானியும் நீர்மட்டக் கண்ணாடியும் அதில் கிடையாது.

இவ்வளவு எளிய எஞ்சினை நீர்மட்டம் தெரியாமலேயே இயக்க முடிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு தட்டு நிறைய வில்லைகள் எரிந்து தீரும்போது கொதிகலனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீர் மிச்சம் இருக்கும்படி அதை வடிவமைத்திருந்தார்கள். தீ அணைந்ததும் எஞ்சின் நிற்கும். குளிர்ந்த பிறகு நீரையும் வில்லையையும் ஒன்றாக நிரப்பி மறுபடி தொடங்க வேண்டும். பாதுகாப்பு வால்வைவிட இந்த ஏற்பாடே அந்த எஞ்சினின் முதல் பாதுகாப்பு என்பது என் கருத்து. அதை நினைவில் வைத்தால்தான் பின்னர் நடந்தவை விளங்கும்.

செய்யப்பட்ட மாற்றங்கள்

வில்லைகளை நம்மூரில் வாங்குவது எளிதாக இல்லை. எரியும்போது கண்ணைக் கரிக்கும் புகையும் வரும். ஒரு ஓட்டம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடுவதும் ஆசிரியரின் அக்கா மகனுக்குக் குறையாகப் பட்டது. டிப்ளமா மெக்கானிக்கல் முடித்த அந்த இளைஞர், இவ்வகை எஞ்சின்களுக்கென்று விற்கப்படும் கேஸ் பர்னரையும் சிறு கேஸ் டேங்கையும் வரவழைத்துப் பொருத்தினார். இது பலரும் செய்துகொள்ளும் மாற்றம்தான். லைட்டருக்கு நிரப்பும் பியூட்டேன் குப்பியிலிருந்து டேங்கை நிரப்பினார்கள். முழுதாக நிரம்பினால் அதில் சுமார் 20 கிராம் பியூட்டேன் இருக்கும்.

வீட்டுச் சமையல் சிலிண்டரிலிருந்தே நிரப்பிக்கொள்ளலாமே என்று ஒருவர் சொன்னபோது ஆசிரியர் உறுதியாக மறுத்துவிட்டார். அவர் மறுத்தது மிகச் சரி. சமையல் எரிவாயுவில் புரொப்பேனும் கலந்திருக்கிறது. 40 டிகிரி வெப்பத்தில் பியூட்டேனின் ஆவியழுத்தம் 4 பாருக்குச் சற்றுக் குறைவு. புரொப்பேனுக்கோ அது 13 பாரைத் தாண்டும். பியூட்டேனுக்காகச் செய்த சிறு டேங்குக்கு அந்தச் சுமையைக் கொடுப்பது பெரிய ஆபத்து. அப்படி மாற்றி நிரப்புவது சட்டப்படியும் குற்றம்.

பர்னர் மாறியதும் எஞ்சின் வேகமாக ஓடியது. ஆனால் இரண்டு பெட்டிகளைக் கோத்ததும் திணறியது. அழுத்தம் போதவில்லை என்று கருதிய இளைஞர், பாதுகாப்பு வால்வின் ஸ்பிரிங்குக்கு அடியில் மெல்லிய வாஷர் ஒன்றைச் சேர்த்தார். சிலிண்டர்களை அவற்றின் முகத்தட்டோடு, அதாவது நீராவித் துளைகள் உள்ள தட்டைத் தகட்டோடு, அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்குகளையும் இறுக்கினார். ஊசலாடும் சிலிண்டர் வகையில் அழுத்தம் மிகும்போது சிலிண்டரே முகத்தட்டிலிருந்து சற்று விலகி நீராவியை வெளியே விட்டுவிடும். அதாவது அந்த எஞ்சினில் மிகை அழுத்தம் வெளியேற இரண்டு வழிகள் இருந்தன. ஒரே மாலையில் இரண்டும் இறுக்கப்பட்டன. அழுத்தமானி இல்லாததால், எவ்வளவுக்கு இறுக்கினோம் என்பது இறுக்கியவருக்கே தெரிய வழியில்லை.

நிகழ்வு

சித்திரை மாதத்தில் ஒரு நாள் பிற்பகல், மொட்டைமாடியில் பலகைகளின் மேல் அமைத்த 45 மில்லிமீட்டர் பாதையில் எஞ்சினை ஓடவிட்டார்கள். வீட்டுப் பிள்ளைகளும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் பாதையை ஒட்டிக் குந்தியிருந்தனர். எஞ்சின் கடந்து போகும்போது அவர்களின் முகம் கொதிகலனின் உயரத்திலேயே இருந்ததைப் பின்னர் ஒளிப்படங்களில் பார்த்தோம். ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவரும் அன்று அழைப்பின் பேரில் வந்திருந்தார்.

கொதிகலனை நிரம்ப நிரப்பி, கேஸ் டேங்கையும் நிரம்ப நிரப்பித் தொடங்கினார்கள். பதினைந்து நிமிடங்களுக்கு மேல் எஞ்சின் நன்றாக ஓடியது. பிறகு வேகம் குறைந்தது. புகைபோக்கியில் வெண்ணிற நீராவி மெலிந்து மறைந்தது. எஞ்சின் நின்றது. பர்னரின் ஓசை மட்டும் முன்போலவே கேட்டுக்கொண்டிருந்தது. சில நொடிகளில் கொதிகலனின் பின்பக்க மூடியிலிருந்து சீறல் ஒன்று எழுந்து, உடனே அடங்கியது.

தண்ணீர் தீர்ந்துவிட்டது என்பது இளைஞருக்கு உடனே புரிந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு பாதுகாப்பு வால்வைக் கழற்றித் தண்ணீர் ஊற்றக் குனிந்தார். “கை வைக்காதே தம்பி! முதலில் கேஸை மூடு; மூடிவிட்டுத் தள்ளி வா” என்று ஓசூர் நண்பர் தடுத்தார். கேஸ் மூடப்பட்டது. பிள்ளைகளை மாடிப்படிப் பக்கம் அனுப்பினார்கள். எஞ்சின் கையால் தொடும் அளவுக்குக் குளிரும் வரை யாரும் அருகில் போகவில்லை. எவருக்கும் காயம் இல்லை.

அந்த நொடியில் எடுத்த முடிவு ஏன் முக்கியமானது என்பதைச் சொல்ல வேண்டும். வறண்டு காய்ந்த கொதிகலனின் உலோகம் 180 டிகிரிக்கும் மேல் சூடேறியிருந்தது. அதில் விழும் குளிர்நீர் கணத்தில் ஆவியாகும். ஒரு கிராம் நீர் வளியழுத்தத்தில் ஏறக்குறைய 1.7 லிட்டர் நீராவியாக விரியும். திறந்த வாய் வழியாக அந்த ஆவியும் கொதிநீரும் குனிந்திருப்பவரின் முகத்தில்தான் அடித்திருக்கும். சூடேறிய இணைப்புகள் திடீரெனச் சுருங்கி விரிசல் விடவும் கூடும். தீயை நிறுத்துவதும் காத்திருப்பதும் தவிர அந்நிலையில் செய்யத் தக்கது வேறெதுவும் இல்லை.

கழற்றிப் பார்த்தபோது கண்டவை

மறுநாள் எஞ்சினைக் கழற்றியபோது நானும் உடனிருந்தேன். பர்னரின் கம்பி வலைமேல் துவரம்பருப்பு அளவில் வெள்ளிபோல் மின்னும் மணி ஒன்று ஒட்டியிருந்தது. கீழே பலகையில் இன்னும் இரண்டு கிடந்தன. பின்மூடி இணைப்பிலிருந்து உருகி வழிந்த சால்டர் அது. மூடியின் கீழ்ப்பாதியில் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரிந்தது. சாதாரண ஈய-வெள்ளீயச் சால்டர் 183 டிகிரியில் உருகத் தொடங்கும். இரண்டு பார் அழுத்தத்தில் கூட நீராவியின் வெப்பம் 134 டிகிரிதான் என்பதால், உலோகத்தை நீர் நனைத்துக்கொண்டிருக்கும் வரை அந்த இணைப்புக்கு ஆபத்தில்லை. நீர் வற்றிய இடத்தில் வெப்பத்தை இழுத்துக்கொள்ள எதுவும் இல்லாமல் போகிறது.

கொதிகலனின் உட்புறம் அடுத்த சான்று. அடிப்பகுதி முழுவதும் சாம்பல் கலந்த வெள்ளைப் படிவு, விரல்நகத்தால் சுரண்டினால் பொறுக்காகப் பெயர்ந்தது. தொடக்கத்தில் சில ஓட்டங்களுக்கு ஆழ்துளைக் கிணற்று நீரையே ஊற்றியிருந்தார்கள். இந்த வட்டாரத்து நிலத்தடி நீரின் கடினத்தன்மையைப் பற்றி இங்கே வாழ்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெந்நீர் வைக்கும் பாத்திரங்களே அதைச் சொல்லும். அந்தப் படிவு வெப்பம் நீருக்குப் போவதைத் தடுத்து உலோகத்தைக் கூடுதலாகச் சூடேற்றும். அதைவிடக் கவலை தந்தது, பாதுகாப்பு வால்வின் இருக்கையிலும், அதாவது வால்வு அமர்ந்து மூடும் விளிம்பிலும், அதே வெள்ளைத்தூள் வளையமாகப் படிந்திருந்ததுதான். அழுத்தக்காற்றில் சோதித்தபோது, வாஷர் சேர்த்திருந்த அந்த வால்வு இரண்டரை பார் வரை திறக்கவில்லை. சோதனையை அதற்கு மேல் கொண்டுபோகாமல் நிறுத்தினோம்.

நீர் வற்றியதால் இணைப்பு உருகியபோது உள்ளே அழுத்தம் பெரும்பாலும் தீர்ந்திருந்தது. அதே இணைப்பு, பாதி நீரும் இரண்டரை பார் அழுத்தமும் இருக்கும்போது விட்டுக்கொடுத்திருந்தால், கொதிநிலைக்கு மேல் சூடான நீர் ஒரே வீச்சில் ஆவியாக வெளிப்பட்டு, குந்தியிருந்த பிள்ளைகளை எட்டியிருக்கும். அன்று யாருக்கும் காயம் ஏற்படாததற்கு எஞ்சினின் பாதுகாப்பு காரணம் அல்ல என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டே அடுத்த கட்டத்துக்குப் போனோம்.

எரிபொருளும் நீரும்: கணக்கு

ஆசிரியர் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார். 30 டிகிரியில் உள்ள 100 மில்லி நீரைக் கொதிக்கவைத்து முழுவதும் ஆவியாக்க ஏறத்தாழ 260 கிலோஜூல் தேவை. ஒரு கிராம் பியூட்டேன் எரிந்தால் சுமார் 45 கிலோஜூல் கிடைக்கும். அதில் எவ்வளவு நீருக்குள் போகிறது என்பதை அறிய, அதே பர்னரையும் டேங்கையும் அதே அளவுள்ள திறந்த செம்புக் குழாய்த் துண்டுக்கு அடியில் வைத்து எரித்துப் பார்த்தோம். எரித்ததற்கு முன்னும் பின்னும் சிறு டிஜிட்டல் தராசில் டேங்கை நிறுத்தோம். 6 கிராம் எரிந்தபோது 100 மில்லியில் 26 மில்லி குறைந்தது. அதாவது எரியும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கே நீரைச் சேர்கிறது.

அந்த விகிதத்தில், 20 கிராம் நிறைந்த டேங்க் நீருக்குக் கொடுப்பது 300 கிலோஜூல். கொதிகலனை வறட்டத் தேவையானது 260. ஆக, இரண்டையும் முழுதாக நிரப்பித் தொடங்கினால் நீர் முதலில் தீரும். தீ அதன் பிறகும் எரியும். அன்று நடந்தது கைத்தவறு அல்ல. டேங்கைப் பொருத்திய நாளிலேயே, ஒவ்வொரு முழு ஓட்டமும் அப்படித்தான் முடியும் என்று ஆகிவிட்டது. முந்தைய ஓட்டங்கள் தப்பியதற்குக் காரணம் அவற்றை இடையில் நிறுத்தியிருந்ததே.

இங்கே வெயிலுக்கும் பங்கு உண்டு. பியூட்டேன் டேங்கில் அழுத்தத்தைத் தீர்மானிப்பது அதன் வெப்பநிலை. 20 டிகிரியில் அது சுமார் 2.1 பார், 40 டிகிரியில் சுமார் 3.8 பார், இரண்டும் வெற்றிடத்திலிருந்து கணக்கிட்ட அளவுகள். பர்னரின் நுண்துளை வழியே ஒரு நொடிக்குப் பாயும் கேஸின் அளவும் ஏறக்குறைய அதே விகிதத்தில் கூடும். குளிர்நாட்டுத் தோட்டத்தில் நிதானமாக எரியும்படி வைத்த பர்னர், சித்திரை வெயிலில் காய்ந்த மாடியில் அதே திருகு நிலையில் ஒன்றேமுக்கால் மடங்கு வேகமாக எரிந்திருக்கிறது. போதாக்குறைக்கு டேங்க் கொதிகலனுக்குப் பின்னாலேயே ஓட்டுநர் அறைக்குள் இருந்தது. வெளிநாட்டுக் கையேடுகள் குளிரால் டேங்கின் அழுத்தம் குறைவதைப் பற்றித்தான் அதிகம் பேசுகின்றன. நம் ஊருக்கு அதன் மறுபக்கமே பொருந்தும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பழைய கொதிகலனை மறுபடி சால்டர் வைத்துப் பயன்படுத்தலாம் என்ற யோசனையை முதலிலேயே ஒதுக்கினோம். ஒருமுறை வறண்டு காய்ந்த பித்தளையின் வலிமை இப்போது எவ்வளவு என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஓசூர் நண்பர் செம்புக் குழாயில் புதிய கொதிகலன் ஒன்றைச் செய்ய முன்வந்தார். 50 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 1.6 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள குழாய். முனைத் தகடுகளைத் தாங்க நடுவே நீளவாட்டில் ஒரு கம்பி. திருகு பொருந்தும் இடங்களில் பித்தளைக்குப் பதிலாக வெண்கலப் புஷ்கள், அதாவது மரையிட்ட சிறு வளையங்கள். எல்லா இணைப்புகளும் 600 டிகிரிக்கு மேல் உருகும் வெள்ளிக் கலவையால் ஒட்டும் சில்வர் பிரேஸிங். ஒன்றரை பார் அழுத்தத்தில் அந்தக் குழாய்ச்சுவரில் எழும் இழுவிசை ஒரு சதுர மில்லிமீட்டருக்கு இரண்டரை நியூட்டனைத் தாண்டாது. மிருதுவாக்கிய செம்புக்கு அது மிகச் சிறிய சுமை.

கருத்து வேறுபாடு வந்தது நீர்மட்டத்தைப் பற்றி. கண்ணாடிக் குழாய் பொருத்த வேண்டும் என்றார் இளைஞர். இவ்வளவு சிறிய கொதிகலனில் பொருத்தக்கூடிய மெல்லிய கண்ணாடிக்குள் நீர் குழாய்ச்சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும், குமிழி அடைத்துக்கொள்ளும், உள்ளே இல்லாத நீரை இருப்பதாகக் காட்டும் என்றார் ஓசூர் நண்பர். “சார், கண்ணாடி பொய் சொன்னால் கண்ணாடி இல்லாததைவிட மோசம்” என்று அவர் ஆசிரியரிடம் சொன்னது எனக்கும் சரியாகப் பட்டது. முடிவில், தீ முதலில் தீரும் பழைய ஏற்பாட்டையே திரும்பக் கொண்டுவருவது என்று தீர்மானித்தோம். 10 கிராமுக்கு மேல் கொள்ளாத சிறிய டேங்கை வாங்குவது. கொதிகலனில் ஒவ்வொரு முறையும் 100 மில்லி நீரை ஊசிக்குழலால் அளந்து ஊற்றுவது. இந்த அளவில் டேங்க் தீரும்போது ஏறக்குறைய பாதி நீர் மிஞ்சும். பெரிய டேங்கிலேயே பாதி நிரப்பினால் போதாதா என்ற கேள்விக்கு, நிரப்புகிறவரின் நினைவை நம்புவதைவிடப் பாத்திரத்தின் அளவை நம்புவது மேல் என்பதே விடை. கேஸ் டேங்கைப் பட்டறையில் செய்ய ஓசூர் நண்பரே மறுத்துவிட்டார். சோதனைச் சான்றுடன் விற்கும் உற்பத்தியாளரிடமிருந்தே வாங்கினோம்.

புதிய பாதுகாப்பு வால்வு ஒன்றரை பாரில் திறக்குமாறு அமைத்துப் பூட்டு நட் போடப்பட்டது. அழுத்தமானியை நேராக வைக்காமல், நீர் தங்கும் வளைகுழாய் வழியாகப் பொருத்தினார்கள். சூடான நீராவி நேரே பட்டால் மானியின் உட்குழாய் கெட்டுவிடும். சிலிண்டர் ஸ்பிரிங்குகள் பழைய அளவுக்குத் தளர்த்தப்பட்டன. நீருக்கு மாடியில் பிடித்து வடிகட்டிய மழைநீர். உயவுக்குத் தையல் எந்திர எண்ணெய் விட்டிருந்தார்கள். அது நீராவியில் கழுவிக்கொண்டு போய்விடும். நீராவிச் சிலிண்டருக்கென்று உள்ள கெட்டி எண்ணெய்க்கு மாறினோம். பெட்டிகளை இழுக்காமல் எஞ்சின் திணறியதற்கு உண்மைக் காரணம் அழுத்தக் குறைவு அல்ல, அந்த எண்ணெய்தான் என்பது பிறகு தெளிவாயிற்று.

சோதனை

இந்தியாவின் கொதிகலன் சட்டம் 25 லிட்டருக்குக் குறைந்த கொள்ளளவுள்ளவற்றைத் தன் வரம்பில் சேர்ப்பதில்லை. ஆகவே எந்த ஆய்வாளரும் இதைப் பார்க்க வரப்போவதில்லை. சோதிக்கும் பொறுப்பு முழுவதும் செய்பவருடையது. வேலை அழுத்தத்தின் இருமடங்கான 3 பாருக்கு, குளிர்நீரால் நிரப்பிக் கைப்பம்பால் அழுத்தம் ஏற்றினோம். நீர் அழுத்தத்தில் கிட்டத்தட்டச் சுருங்குவதில்லை என்பதால், இணைப்பு விட்டாலும் ஒரு துளி கசிவதோடு நின்றுவிடும். காற்றில் அதே சோதனையைச் செய்து இணைப்பு விட்டால் வெடிக்கும். முதல் முயற்சியில் ஒரு புஷ்ஷின் ஓரத்தில் ஈரம் துளிர்த்தது. மறுபடி பிரேஸிங் செய்து சோதித்தபோது முள் அசையாமல் நின்றது.

அடுத்தது நீராவிச் சோதனை. எஞ்சினுக்குப் போகும் நீராவியை முழுவதும் மூடிவிட்டு, பர்னரை முழு அளவில் எரியவிட்டு, பாதுகாப்பு வால்வு மட்டுமே எல்லா ஆவியையும் வெளியேற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். அழுத்தம் அமைத்த அளவைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறக்கூடாது. இதை வேண்டுமென்றே நண்பகல் வெயிலில் செய்தோம். முள் 1.6 பாரில் நின்றது.

பின்னர் நடந்தவை

எஞ்சின் இப்போது ஓர் ஓட்டத்துக்குப் பத்து நிமிட அளவுதான் ஓடுகிறது. இளைஞர் நீட்ட விரும்பிய நேரம் கிடைக்கவில்லை. ஆனால் நல்ல எண்ணெயும் தளர்த்திய ஸ்பிரிங்குமாக மூன்று பெட்டிகளைச் சிரமமின்றி இழுக்கிறது. ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் மிஞ்சிய நீரை அளந்து நோட்டில் எழுதுகிறார்கள். இதுவரை அது 40 மில்லிக்குக் கீழே போகவில்லை. பழைய கொதிகலனும் அந்தச் சால்டர் மணிகளும் ஆசிரியரின் அலமாரியில் இருக்கின்றன. பார்க்க வரும் மாணவர்களிடம் இளைஞரே அவற்றைக் காட்டி விளக்குகிறார்.

கேஸ் நிரப்பும் இடமும் மாறிவிட்டது. முன்பு நிழலுக்காக மாடிப்படி அறைக்குள் நிரப்பினார்கள். பியூட்டேன் காற்றைவிட இருமடங்கு கனமானது. சிந்தியது படி வழியே இறங்கிக் கீழே தேங்கும். இப்போது மாடியில் காற்று வீசும் திறந்த மூலையில், அருகில் எந்தத் தீயும் இல்லாதபோது மட்டும் நிரப்பி, சற்றுப் பொறுத்த பின்பே எஞ்சினைப் பாதைக்குக் கொண்டுவருகிறார்கள். பற்றவைக்கும்போது தீக்குச்சியை முதலில் வைத்துவிட்டுக் கேஸை மெல்லத் திறக்கிறார்கள். பிள்ளைகளுக்காகப் பாதையிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளிச் சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறார்கள். இயக்குபவர் கண்களைக் காக்கும் கண்ணாடி அணிகிறார்.

இன்னும் மாற்ற வேண்டியவை

டேங்க் இன்னும் கொதிகலனுக்கு அருகிலேயே இருக்கிறது. அதைப் பின்னால் இணைக்கும் சிறு பெட்டிக்கு மாற்றி, இடையில் வளையும் குழாய் போடுவது நல்லது. கோடைக்கு முன் அதைச் செய்ய ஓசூர் நண்பர் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஓடும்போதே கைப்பம்பால் நீர் ஏற்றும் வால்வு ஒன்றைப் பொருத்த இளைஞர் இன்னும் விரும்புகிறார். அது வந்தால் ஒரே ஓட்டத்தில் கேஸை இரண்டாம் முறை நிரப்பும் ஆசையும் வரும். நீர்க்கணக்கு மீண்டும் நினைவின் பொறுப்பாகிவிடும். அதனால் அதை நான் ஏற்கவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் நீர்ச்சோதனையும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாதுகாப்பு வால்வைக் கழற்றி இருக்கையைத் துடைப்பதும் என்று நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியாகிவிட்டது; அடுத்த நீர்ச்சோதனை பங்குனியில்.